சர்க்கரைக்கும் வண்டியில் ஓர் இடம்

"இன்சுலின் போட்டுக்கொண்டு இந்த வயதில் பிக்கப் வண்டியில் ஊர் சுற்றணுமா சார்?" என்று பலரும் கேட்கிறீர்கள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் சர்க்கரை போய்விடுமா?

வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க் கூரை, முழங்கால் உயரப் பலகைக் கட்டில். அது இரவில் நிறுத்திய பிறகு படுக்க மட்டும். ஓடும்போது முன் சீட்டுதான். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கணும். ஆனால் ஐஸ்கட்டியைத் தொடக் கூடாது. உறைந்தால் வீண். தலைமாட்டில் டார்ச், சர்க்கரை பார்க்கும் மீட்டர், குளுக்கோஸ் பொடி. 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கூட வரும் தம்பி மகனுக்கும் இது மனப்பாடம். செருப்பில்லாமல் இறங்குவதில்லை, பாதத்தைப் பார்த்துவிட்டே படுக்கை.

நோய் எப்படியும் கூடவே வரும். அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டால், மிச்ச இடம் நம்முடையது. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் வெளியே அழைத்துப் போங்கள்.