பாதி மலையில் ஒரு பாடம்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

“மலைப் பந்தயம் என்ன ஆயிற்று?” என்று இந்த ஆண்டு என்னைக் கேட்காதவர்கள் நம் கல்லூரியில் மிகக் குறைவு. புறப்படும் முன் வகுப்பே எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பியது. திரும்பி வந்தபின் கேட்டவர்களிடமெல்லாம் “அப்புறம் சொல்கிறேன்” என்று நழுவி வந்தேன். “நழுவியது போதும், மலருக்கு எழுதிக் கொடு” என்றார் எங்கள் ஆசிரியர். எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பந்தயத்தை முடிக்கவில்லை. முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய இடத்தில் பதினெட்டாவது கிலோமீட்டரில் விலகிக்கொண்டேன். வென்றவர்கள் எழுத வேண்டிய பக்கத்தில் தோற்றவளுக்கு என்ன வேலை என்று எண்ணாமல், தோழர்களும் தோழியரும் ஆசிரியப் பெருமக்களும் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் வானூர் வட்டத்தில் ஒரு சிற்றூர். செம்மண் பூமி. சவுக்குத் தோப்பு, முந்திரி, மழை பெய்தால் மல்லாட்டை. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. இருக்கின்ற பாறைகளும் குவாரிகளில் ஜல்லியாகிக் கொண்டிருக்கின்றன. அப்பா அப்படிப்பட்ட ஒரு கிரஷரில் பதினேழு ஆண்டுகள் கூலி வேலை செய்தவர். அம்மா களையெடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போவார். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எனக்கு ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் கிடைத்த அன்று, அம்மா அதைச் சாமி படத்தின் அருகில் வைத்து விளக்கேற்றினார். பட்டம் வாங்குவதற்கு முன்பே இப்படி ஒரு சான்றிதழா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஓட்ட ஆசை எனக்கு ஆரோவில்லில் பிறந்தது. அங்கே 2008இல் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் பிப்ரவரி மாதத்தில் காட்டுப் பாதைகளில் நடைபெறும். சிறுமியாக இருந்தபோது விடியற்காலையில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். நரைத்த தலையோடு கிழவர்கள் ஓடுவார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் ஓடுவார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் ஓடுவார்கள். யாரும் துரத்தாமலேயே இத்தனை பேர் ஓடுவது எனக்குப் பெரிய விந்தையாக இருந்தது. பள்ளியில் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கியதும் அந்த ஆசை வேர் பிடித்தது.

நீலகிரியில் மலைப்பாதை ஓட்டம் ஒன்று நடக்கிறது என்று உடற்கல்வி ஆசிரியை சொன்னபோது உடனே பெயர் கொடுத்துவிட்டேன். மூன்றாமாண்டு தாவரவியல் அக்கா ஒருவரும் சேர்ந்துகொண்டார். பயிற்சிக்கு மலை வேண்டுமே! ஏரிக்கரையில் ஓடினேன். ஞாயிறுகளில் மயிலம் முருகன் கோயில் படிகளில் ஏறி இறங்கினேன். இரண்டு முறை செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டை ஏறினேன். பந்தயக் கட்டணத்துக்கும் காலணிக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதந்தோறும் என் கணக்கில் வந்த ஆயிரம் ரூபாயைச் சேர்த்து வைத்தேன். அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம் என்று அம்மா நினைத்திருப்பார், சொல்லவில்லை. அப்பா மட்டும் ஒரு நாள் கேட்டார்:

“இன்னாத்துக்குப் பாப்பா ஓடுற? பஸ்ஸுதான் போவுதே.”

எனக்குக் கோபம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. மயிலத்துக்கு ஒரு முறை அப்பாவும் என்னோடு வந்தார். சின்ன மலை அது. அதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். “போ பாப்பா, வரேன்” என்று கையை ஆட்டினார். அவருக்கு நாற்பத்தாறு வயதுதான். “இன்னாப்பா, கெழவனாட்டம் குந்திக்கினே?” என்று கேலி செய்துவிட்டு நான் மேலே ஓடினேன். வேலை முடிந்து வரும்போது ஏரிக்கரை மேட்டில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வருவார். அதையும் நான் சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.

சென்ற டிசம்பரில் ஆசிரியையோடு நாங்கள் இருவரும் புறப்பட்டோம். விழுப்புரத்தில் பேருந்து ஏறி இரவெல்லாம் பயணம். கோவை, மேட்டுப்பாளையம், பிறகு வளைந்து வளைந்து குன்னூர், ஊட்டி. ஒரு இரவுதான் அங்கே தங்கினோம். அது தவறு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் நம் ஆய்வுக்கூடத்துப் பாரமானியை நினைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அருகிலுள்ள நம் பகுதியில் அதன் பாதரசம் 76 செ.மீ. அளவை ஒட்டி நிற்கும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அதே பாரமானி அங்கே சுமார் 58 செ.மீ. காட்டும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் சுமார் 55. காற்றில் பிராணவாயுவின் பங்கு இங்கும் அங்கும் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொன்றுதான். குறைவது அழுத்தம். அழுத்தம் குறைந்தால், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். தொட்டபெட்டாவில் இது நான்கில் ஒரு பங்குக்கு மேல்!

1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் நடந்த மெக்சிகோ நகரமும் ஊட்டியின் உயரத்தில்தான் இருக்கிறது. பத்தாயிரம் மீட்டரில் உலகச் சாதனையைத் தன் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க், அங்கே ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். அவருக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டியதாயிற்று. வென்றவர் கென்யாவின் மேட்டு நிலத்தில் வளர்ந்த நாஃப்தாலி தெமு. லடாக்கில் கார்துங் லா கணவாயைக் கடந்து 72 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். ஆகவே ஓடுபவர்கள் பல நாட்கள் முன்னதாகவே வந்து உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள விதி. இவற்றையெல்லாம் நான் முன்னமே படித்திருந்தேன். தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். உடம்புக்குத்தான் தெரியவில்லை.

காலை ஆறரை மணிக்குத் தொடங்கினார்கள். புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி. முதல் பத்து கிலோமீட்டர் பெரும்பாலும் இறக்கம். தேயிலைத் தோட்டங்களின் நடுவே பாதை வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் பறந்தேன். அக்காவைப் பின்னால் விட்டுவிட்டேன். முதல் பத்துப் பேருக்குள் வந்துவிடுவேன் என்று மனக்கணக்குப் போட்டேன்.

பிறகு ஏற்றம் தொடங்கியது. செஞ்சியில் ஏறியது போன்ற ஏற்றம்தான். ஆனால் செஞ்சியில் கிடைத்த காற்று இங்கே கிடைக்கவில்லை. ஓட்டம் நடையாயிற்று. நடை, பத்தடிக்கு ஒரு முறை நிற்பதாயிற்று. வாயைத் திறந்து இழுக்கிறேன், உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. குடிக்கக் குடிக்கத் தாகம் தீராத கனவு போல இருந்தது. நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடித்தது. அம்மா கட்டிக் கொடுத்த மல்லாட்டை உருண்டையைக் கடித்தேன், குமட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் தலையில் கொழுந்து மூட்டையோடு மேலே ஏறி வந்தார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நீலகிரித் தோட்டங்களில் மிகுதி. அவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. என் அம்மா வயதுள்ள ஒருவர் நின்று பார்த்தார்.

“மூச்சு வாங்குதா புள்ள? வேகமா இழுக்காத. மெதுவா வா” என்று சொல்லிவிட்டு மூட்டையோடு என்னைக் கடந்து போனார். எண்ணைக் குத்திய சட்டையும் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த காலணியுமாக நான் அங்கேயே நின்றேன்.

சிறிது நேரத்தில் அக்கா என்னை எட்டிப் பிடித்தார். “என்னடி ஆச்சு? வா, சேர்ந்து போகலாம்” என்று கையை நீட்டினார். பேச எனக்கு மூச்சில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து கையை ஆட்டினேன்.

“நீங்க போங்கக்கா. வரேன்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அது என்னுடைய சொல் அல்ல. மயிலம் படியில் அப்பா சொன்ன சொல்! அதே கையசைப்பு. அதே போல் குனிந்து முழங்காலில் கை ஊன்றிய இருப்பு. கேலிக்குச் சிரித்துக்கொண்டே, பேசாமல், அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாரே, அது சோம்பல் அல்ல. அவருக்கு மூச்சு கிடைக்கவில்லை. 2,400 மீட்டர் மலை மேல் எனக்கு நேர்ந்தது, கடல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்த அவருக்கு எத்தனை காலமாக நேர்ந்துகொண்டிருந்ததோ! அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது.

எப்படியோ பதினெட்டாவது கிலோமீட்டர் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த மருத்துவர் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். 86 காட்டியது. “மலைநோய்க்கு ஆரம்பம். கூடவே உடம்பில் தண்ணீரும் குறைந்திருக்கிறது. இனிமேல் ஏறக்கூடாதம்மா” என்றார். நான் வாதாடவில்லை. ஜீப்பில் ஏற்றி இறக்கினார்கள். கீழே வந்து சுடச்சுடத் தேநீர் குடித்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தபோது தலைவலி விட்டிருந்தது.

“இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருக்கலாமே” என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். 2021 மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாநிலத்தில் நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. நடுவழியில் திடீரென்று புயற்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்தன. மெல்லிய உடையோடு ஓடிய 21 பேர் குளிரில் இறந்துபோனார்கள். அவர்களில் நாட்டின் பெயர்பெற்ற வீரர்களும் உண்டு. ஆறு பேரைத் தன் குகைக்குள் இழுத்துப்போட்டுத் தீ மூட்டிக் காப்பாற்றியவர், அந்த மலையில் ஆடு மேய்ப்பவர் ஒருவர். மலையில் இறங்கத் தெரிவதும் ஏறத் தெரிவதைப் போல ஒரு திறமைதான்.

ஆனால் ஜீப்பில் வரும்போது நான் என் தோல்வியை நினைத்து அழவில்லை. எனக்கு இறங்க ஒரு ஜீப் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் என் மூச்சு திரும்பிவிட்டது. அப்பா எந்த ஜீப்பில் ஏறி எங்கே இறங்குவார்?

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். “ஒரு நாள் கூலி பூடும், சும்மா இரு” என்றார். மூன்று நாள் மன்றாடினேன். கடைசியில் சொன்னேன்:

“நானே பாதியில எறங்கிட்டேம்ப்பா. ஒண்ணும் வெக்கமா இல்ல. நீயும் எறங்கிடு.”

அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு தானே வாசலில் நின்றார்.

அரசு மருத்துவமனையில் மார்புப் படம் எடுத்தார்கள்; சளியைச் சோதித்தார்கள். நல்லவேளையாகக் காசநோய் இல்லை. ஆனால் பாறைத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டது என்றார் மருத்துவர். சிலிகோசிஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத நுண்தூசியே பொல்லாதது. அதுதான் நுரையீரலின் ஆழம் வரை போகிறது. தழும்பான இடம் பழையபடி ஆகாது. தூசியை விட்டு விலகினால் மேலும் கெடுவது குறையலாம். காசநோய் எளிதில் பற்றும் என்பதால் அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். இது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்ற, மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி பெருமளவு அடங்கும். அப்பா வேலை செய்த இடத்தில் முகத்துக்குக் கட்டிக்கொள்ள அவரிடம் இருந்தது ஒரு துண்டு மட்டும்.

இப்போது அப்பா கிரஷருக்குப் போவதில்லை. ஒரு தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். கூலி பாதிதான். அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். நான் மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஏரிக்கரை மேட்டில் அவர் இன்னமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். இப்போது நான் எதிரே போய் அதை வாங்கித் தள்ளுகிறேன்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் குவாரியிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் உழைப்பவர்களின் பிள்ளைகள். நம்மைப் படியேற்றிவிட்டு அவர்கள் பாதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். “போ, வரேன்” என்று சொன்னால் நாம் நம்பிக்கொண்டு மேலே ஓடிவிடுகிறோம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். படியேறும்போது நிற்கிறார்களா, பேசும்போது மூச்சு இரைக்கிறதா என்று கவனியுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமை நம் வட்டத்துக் குவாரி ஊர்களில் ஒன்றில் வைத்து, மருத்துவர்களை அழைத்து நுரையீரல் பரிசோதனை நடத்தலாம். முதல் ஆளாக வீடு வீடாகப் போய்க் கூப்பிட நான் வருகிறேன்.

பந்தயத்தை நான் கைவிடவில்லை. மறுபடியும் அந்த மலைக்குப் போவேன். இம்முறை சில நாட்கள் முன்னதாகவே போவேன். ஏறும்போது மூச்சு முட்டினால் நிற்பேன். நிற்பவர்களைப் பார்த்தால், ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பேன்.