வற்றாத நொய்யல்

நொய்யல் இப்போது வற்றுவதே இல்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். இயல்பில் அது மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. தென்மேற்குப் பருவத்தில் ஒரு வரத்து, ஐப்பசி கார்த்திகையில் ஒரு வெள்ளம், பங்குனி பிறந்தால் வெறும் மணல். இன்றைக்குச் சித்திரை வெயிலிலும் கோயமுத்தூருக்குக் கிழக்கே எந்தப் பாலத்தில் நின்று பார்த்தாலும் தண்ணீர் ஓடுகிறது. சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் ஆழியாற்றிலிருந்தும் குழாயில் வந்து, ஊரே குடித்து, குளித்து, துவைத்து விட்ட தண்ணீர் அது. பக்கத்து ஆறுகளை வாங்கிக் குடித்துவிட்டு, சொந்த ஆற்றைச் சாக்கடைக்கு விட்டிருக்கிறோம்.

ஆறு பிறக்கிற வெள்ளியங்கிரி அடிவாரத்தைப் பற்றி எழுத ஆளுக்குக் குறைவில்லை. நான் சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து தொடங்குகிறேன். நொய்யலின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே தாழ்வான ஒரு கல்கட்டு. அதிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து குளத்துக்குப் போகும். குளம் நிறைந்தால் அடுத்த குளம். கடைசியில் மிச்சம் மறுபடி ஆற்றுக்கே வந்து சேரும். இப்படி இருபதுக்கு மேற்பட்ட அணைக்கட்டுகள், முப்பதை ஒட்டிய குளங்கள். வருஷத்தில் சில வாரம் மட்டும் ஓடுகிற வெள்ளத்தை நிலத்துக்குள் இறக்கி, மிச்ச மாசமெல்லாம் கிணற்றில் இறைத்துக்கொள்ள முன்னோர்கள் செய்த ஏற்பாடு. கோயமுத்தூரில் இந்தக் குளங்களின் கரைகளில் இப்போது நடைபாதையும் விளக்கும் செல்ஃபி எடுக்க இடமும் வந்திருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கரைக்குச் செலவழித்த அக்கறையில் பாதியாவது வாய்க்காலின் வாய்க்குப் போயிருக்கலாம். மழை வெள்ளம் வரும் வழியில் வீடுகள் நிற்கின்றன; சாக்கடை வரும் வழி மட்டும் தாராளமாகத் திறந்திருக்கிறது.

பேரூரில் திதி கொடுப்பவர்களையும் சூலூர்க் குளத்தையும் சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம். அங்கே ஜம்மனை ஓடை வந்து சேரும் இடத்தில் ஆறு தன் நிறத்தை விட்டுச் சாயப்பட்டறைகளின் நிறத்துக்கு மாறியது. அந்த நிறம் கீழே எங்களிடம்தான் வந்தது.

எங்கள் ஊர் என்பது என் அம்மாவின் ஊர். ஆற்றுக்குத் தென்கரை, காங்கேயம் பக்கம். கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமுமாகக் கிடக்கிற மேட்டு நிலம். எதிரே வடகரையில் கொடுமணல், பதிற்றுப்பத்தில் பேர் வருகிற ஊர். தோண்டிப் பார்த்தவர்கள் கல்மணி செய்த தடயமும் இரும்பு உருக்கிய உலைகளும் பானையோட்டில் தமிழி எழுத்தும் கண்டெடுத்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அந்த மணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். அது பெரிய சமாச்சாரம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்குச் சென்னிமலைத் தேருக்குப் போக ஆற்றைக் கடந்தாக வேண்டும். விடியக் கருக்கலில் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, சவாரி வண்டி பூட்டுவார். அக்கம்பக்கத்துத் தோட்டத்து வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். தை மாசத்து ஆற்றில் முழங்காலளவு தண்ணீர், அதுவும் ஒரு ஓரமாக. நடு ஆற்றில் அப்புச்சி வண்டியை நிறுத்திவிடுவார். மாடு வயிறு முட்டக் குடிக்காமல் எதிர்க்கரை மேட்டை ஏறாது என்பது அவர் கணக்கு. பின்னால் வரும் வண்டிக்காரர் சத்தம் போடுவார்; அப்புச்சி திரும்பியே பார்க்கமாட்டார். அந்த நேரத்தில் எங்கள் பாட்டி, அமுச்சி, இறங்கி, ஓடுகிற தண்ணீரைத் தொடாமல், பத்தடி தள்ளி மணலில் கையால் ஊத்துத் தோண்டுவாள். முதலில் ஊறுவது கலங்கல். அதை இறைத்துக் கொட்டுவாள். இரண்டாவது ஊறுவதையும் கொட்டுவாள். மூன்றாவதைக் கொட்டாங்குச்சியில் மொண்டு, தூக்குப்போசியின் வாயில் வேட்டித்துணியைக் கட்டி ஊற்றுவாள். "ஓடற தண்ணி மாட்டுக்கு, ஊத்துத் தண்ணி நமக்கு கண்ணு" என்பாள். மலையடிவாரத்தில் புளிச்சோற்றுக் கட்டை அவிழ்க்கும்போது அந்தப் போசி கைமாறிக் கைமாறி வரும். சென்னிமலையில் முருகனுக்கு அபிஷேகத் தண்ணீரை அடிவாரத்திலிருந்து காளைகள்தான் படியேறிச் சுமக்கும். ஒரு ஆறு பக்கத்தில் ஓடியும் சாமிக்கும் நமக்கும் ஒரே மாதிரி சுமந்த தண்ணீர்தான் என்று மாமன் கேலி பண்ணுவார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பூசத்தன்று மாடுகள் குடிக்கவில்லை. வலத்து மாடு மூக்கைத் தண்ணீர்வரை கொண்டுபோய், உறிஞ்சாமல், மூச்சை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டது. அப்புச்சி நுகத்தடியைத் தட்டிப் பார்த்தார், சீழ்க்கை அடித்துப் பார்த்தார். அமுச்சி தோண்டிய ஊத்தில் மூன்றாவது முறையும் லேசான ஊதா தெரிந்தது. அன்றைக்குப் போசி காலியாகவே மலைக்குப் போனது. அதற்குப் பிறகு நாங்கள் பஸ்ஸில்தான் தேருக்குப் போனோம்.

நிறத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கெடுத்தது உப்பு. பருத்தி நூல் சாயத்தை இழுத்துக்கொள்ள உப்பு சேர்க்க வேண்டும், அதுவும் ஏராளமாக. அது துணியில் தங்காது. அவ்வளவும் கழிவோடு வெளியே வரும். தொண்ணூறுகளின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்தார்கள். தண்ணீர் தெளிந்தது, உப்பு அப்படியே வந்தது. தென்னையில் குரும்பை உதிர்ந்தது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை.

இதற்கு நடுவில் ஒரத்துப்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். 1992-ல் திறப்பு. 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதாக ஏற்பாடு. தேங்கியது சாயத்தண்ணீர். அணை வேண்டும் என்று விவசாயி போராடிய கதைகள் நாட்டில் நிறைய உண்டு. அணையில் தேங்கிய தண்ணீருக்கு எதிராக விவசாயி கோர்ட்டுக்குப் போன கதை எங்களுடையது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடக்காததால் 2011 ஜனவரியில் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர்நீதிமன்றம். அந்த மாசங்களில் வேலை இழந்து திருப்பூரிலிருந்து மூட்டை முடிச்சோடு ரயிலேறியவர்களை மறக்க முடியாது. எங்கள் வீட்டிலேயே மாமன் பையன் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் அனுப்பிய பணத்தில்தான் தோட்டத்தில் போர் போட்டார்கள். போரில் வந்ததும் உப்புத் தண்ணீர்.

பிறகு பட்டறைகள் ஆர்.ஓ., ஆவியாக்கும் கலன் என்று மாறின. சாயக்கழிவை ஆவியாக்கி உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்று அந்த ஊர் செய்தே காட்டியது. செலவு பிடித்த வேலை, ஆனால் நடந்தது. மழை பெய்கிற ராத்திரிகளில் நுரை வருவது இன்னும் முழுசாக நிற்கவில்லை என்றாலும், முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல்.

ஆனால் சாயத்துக்கு ஒரு முதலாளி இருந்தார், நோட்டீஸ் அனுப்ப ஒரு விலாசம் இருந்தது. வீட்டுச் சாக்கடைக்கு அது கிடையாது. இரண்டு மாநகரங்களின் கழிவறையும் குளியலறையும் சேர்ந்து வருவதை எந்த வழக்கில் எதிர்வாதியாகச் சேர்ப்பது? நான் இருக்கிற அப்பார்ட்மென்ட்டின் தண்ணீரும் அதில் இருக்கிறது. பட்டறையிடம் கேட்டதை மாநகராட்சியிடம் கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

மாமனுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சட்டைப் பையில் பேனா மாதிரி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற ஒரு டிடிஎஸ் மீட்டர் செருகியிருக்கிறார். குடிதண்ணீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது மனப்பாடம். புதுவெள்ளம் வரும்போது மேற்கே இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போடுவார்: "ஏனுங் மாப்ள, அங்க எத்தன காட்டுதுங்?" எண் கூடுதலாக இருந்தால் மோட்டாரை நிறுத்திவிடுவார். குடிப்பதற்கு வாசலில் இருபது லிட்டர் கேன். இந்த எண்ணை ஒவ்வொரு பாலத்திலும் தினமும் ஒரு பலகையில் எழுதி வைக்க அரசுக்கு என்ன செலவாகும்? ரேஷன் கடையில்கூட இருப்புப் பலகை தொங்குகிறது.

சின்னமுத்தூருக்குக் கீழே ஆறு மெலிந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பேருள்ள ஊரிலேயே காவிரியில் சேர்கிறது. பெரிய ஆற்றில் கலந்ததும் எல்லாம் கரைந்துவிட்டதாகக் கணக்கு முடித்துவிடுகிறார்கள். காவிரியில் தண்ணீர் குறைந்த மாசங்களில் அந்தக் கணக்கு எப்படி வரும் என்று தெரிய வேண்டியவர்கள் கிழக்கே இருக்கிறார்கள். காவிரி மணலில் கிணறு இறக்கிக் குடிதண்ணீர்க் குழாய் போட்டிருப்பது அவர்களுக்காகத்தான்.