கப்பல் விருந்துக்கு நாள் குறித்தல்

கரவனெல்லயிலும் அதைச் சுற்றியுள்ள உருவன்வெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கங்களிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. அந்தப் பிள்ளைகள் பெற்றோரை ஒருமுறையாவது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புகிறார்கள். நானும் குடும்பத்தோடு அப்படி ஒரு பயணம் போய்வந்த செய்தி ஊரில் பரவியபின், என்னிடம் மூன்று நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கப்பலில் தனிக்காசு கொடுத்துச் சாப்பிடும் சிறப்பு உணவகங்களுக்கு ஊரிலிருந்தே முற்பதிவு செய்வதா, ஏறிய பின் பார்த்துக்கொள்வதா என்பதே அது. முப்பது ஆண்டுகளாகத் தொழிற்சங்கச் செய்திகளும் நீதிமன்றச் செய்திகளும் எழுதி வருபவன் நான். பயணக் கட்டுரை என் துறையன்று. ஆயினும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதைவிட ஒருமுறை எழுதிவைப்பது நல்லதென்று தோன்றியது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பயணச்சீட்டின் விலையிலேயே சாப்பாடு அடங்கியிருக்கிறது. பெரிய பொது உணவுக் கூடம் ஒன்றும், விரும்பியதை எடுத்துக்கொள்ளும் பஃபே கூடம் ஒன்றும் எல்லாப் பயணிகளுக்கும் திறந்திருக்கும். இவற்றுக்கு மேலாக ஜப்பானிய, சீன, இத்தாலிய உணவகங்களும், இறைச்சி சுட்டுத் தரும் உணவகங்களும் இருக்கும். அவற்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்றோ, எடுக்கும் பண்டத்துக்கு இவ்வளவு என்றோ வேறாகப் பணம் கட்ட வேண்டும். பல கப்பல்களில் அதன்மேல் 18 வீதமோ அதற்குக் கூடுதலாகவோ சேவைக்கட்டணம் சேரும். விளம்பரத்தில் பார்த்த தொகையும் கடைசியில் கட்டும் தொகையும் வேறுபடுவது இதனால்தான்.

இந்த வழக்கம் புதிதன்று. 1905 இல் ஜெர்மானியர் கடலுக்கு விட்ட ‘அமெரிக்கா’ என்ற கப்பலில், ரிட்ஸ் கார்ல்டன் பெயரில் தனிக்கட்டண உணவகம் ஒன்று இருந்தது. 1912 இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்பாருக்கு மட்டும் அப்படி ஓர் உணவகம் இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை விரும்பிய நேரத்தில் போய் உண்ணலாம். பொதுக் கூடத்தில் மணியடித்த நேரத்துக்கு உட்கார வேண்டும். ஆக, அந்தச் சீமான்கள் பணம் கொடுத்தது நாவின் சுவைக்காக மட்டுமன்று. தமக்கு உகந்த நேரத்துக்காகவும்தான். 2000 ஆம் ஆண்டில் நோர்வீஜியன் நிறுவனம், குறித்த நேரம், குறித்த மேசை என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தன் கப்பல்களில் பல உணவகங்களை நடத்தத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. இன்று டைட்டானிக் சீமான்களுக்கு இருந்த அந்த வசதி, காசு கொடுக்கக்கூடிய எவருக்கும் கிடைக்கிறது.

இனி முற்பதிவுக்கு வருவோம். பொதுவாக இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, பயணத்துக்கு மாதங்கள் முன்னரே இணையத்தில் பதிவது. இந்த விலை விமானச்சீட்டைப் போல ஏறி இறங்கும். பல நிறுவனங்களில், விலை குறைந்தால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம்; அதற்கான இறுதி நாளை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றது, கப்பல் ஏறிய அன்று பதிவது. அன்று பிற்பகல் உணவக ஊழியர்கள் வாசலில் மேசை போட்டு நின்று அழைப்பார்கள். முதல் இரவு பயணிகள் கப்பலைச் சுற்றிப் பார்ப்பதிலும் பொதுக் கூடத்திலும் இருப்பதால் சிறப்பு உணவகங்கள் வெறிச்சோடும். ஆகவே அன்றைய இரவுக்கு விலைக்கழிவு தரும் கப்பல்கள் உண்டு. மூன்று இரவுகளைச் சேர்த்து வாங்கினால் ஒரு வேளைக்கான விலை குறையும் என்றும் சொல்வார்கள்.

இந்த இரண்டாவது வழியைத்தான் பலரும் சிக்கனம் என்று கருதுகிறார்கள். எங்களுக்கு அது ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்ல, நாங்கள் யார் யார் போனோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நானும் மனைவியும் அம்மாவும் இங்கிருந்து போனோம். இலண்டனிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். கர்நாடகத்துச் சுள்ளியாவிலிருந்து பெரியம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். பெரியம்மா அம்மாவின் உடன்பிறந்த அக்கா. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீடும் பிரிந்தது. 1974 இல் பெரியம்மா குடும்பம், மலையகத்தார் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்ட இரயிலில் தலைமன்னாருக்குப் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கியது. இங்கே இறப்பர் மரம் வெட்டியவர்களுக்கு அங்கே சுள்ளியாவின் அரசாங்க இறப்பர் தோட்டத்தில் அதே வேலை கிடைத்தது. அதன்பின் அக்காவும் தங்கையும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை, 1998 இல். பெரியம்மாவுக்கு இப்போது எண்பது வயது, அம்மாவுக்கு எழுபத்தேழு. இந்த ஒன்பது பேரும் ஒரு மேசையில் ஓர் இரவேனும் உட்கார வேண்டும் என்பதே தம்பியின் ஆசை. பயணத்துக்கு அவன் செலவிட்ட பணமெல்லாம் அந்த ஓர் இரவுக்காகத்தான் என்றும் சொல்லலாம்.

ஆகையால் நாங்கள் விலைப்பட்டியலைத் திறக்குமுன் கலண்டரைத் திறந்தோம். நான்கு இரவுப் பயணம்; வியாழன் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்து, ஒரு முழு நாள் கடலில் கழித்துத் திங்கள் காலை இறங்குவது. முதல் இரவு வியாழன். கழிவு கிடைக்கும் இரவு அதுதான். ஆனால் கொழும்பிலிருந்து இரவு விமானத்தில் நான்கு மணி நேரம் உறங்காமல் வந்து, துறைமுக வரிசையில் நின்று ஏறிய வயோதிகர்களை அன்றிரவு விருந்துக்கு உட்கார வைப்பது கொடுமை. வெள்ளிக்கிழமை அம்மாவும் பெரியம்மாவும் மச்சம் தொடமாட்டார்கள். தலைக்குப் பணம் கட்டும் உணவகத்தில் வெறும் காய்கறிக்கு அதே தொகையைக் கொடுப்பதில் பொருளில்லை. (இதே முறையில் போயா, அமாவாசை, கந்தசஷ்டி முதலியவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. கப்பல்காரனுக்கு அந்த நாட்கள் தெரியாது.) சனிக்கிழமை புக்கெட். கரைக்குப் போனவர்கள் வெயிலில் அலைந்து மாலையில் திரும்புவார்கள். போகாதவர்கள் பசியோடு காத்திருப்பார்கள். எஞ்சியது ஞாயிறு. நாள் முழுதும் கப்பல் கடலில் இருக்கும், எல்லோரும் ஓய்ந்திருப்பார்கள்.

எங்களுக்கு வாய்ப்பான இரவு மற்றவர்களுக்கும் வாய்ப்பானதுதானே! கடலிலேயே கழியும் நாளின் இரவுக்குத்தான் இடம் முதலில் தீரும். அதிலும் இத்தகைய உணவகங்களில் பெரும்பாலான மேசைகள் இருவருக்கும் நால்வருக்கும் உரியவை. பெரிய மேசைகள் சிலவே. கழிவுக்காகக் கப்பல் ஏறும்வரை பொறுத்திருந்தால், ஒன்பது பேரை மூன்று மூலைகளில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு மாதங்களுக்கு முன்னரே, கழிவு எதுவும் இல்லாத விலைக்கு, ஞாயிறு இரவைப் பதிந்தோம்.

எந்த உணவகம் என்பதையும் மேசைதான் தீர்மானித்தது. மாட்டிறைச்சி பரிமாறும் இடம் பெரியம்மாவுக்கு ஆகாது. ஜப்பானிய உணவகத்தில் வரிசையாக ஒரு பக்கம் பார்த்து உட்கார வேண்டும். சீன உணவகத்தில் நடுவே சுழலும் தட்டு வைத்த வட்ட மேசை உண்டு. பத்துப் பேர் ஒருவர் முகம் ஒருவர் பார்த்து உட்காரலாம். சோறு உண்டு, ஆவியில் அவித்த மீன் உண்டு, பல்லில்லாதவரும் மெல்லலாம். இணையத்தில் ஒரே பதிவில் ஒன்பது பேரைச் சேர்க்க இயலவில்லை. இரண்டாகப் பதிந்து, ஒரே மேசை வேண்டும் என்று குறிப்பு எழுதினோம். அந்தக் குறிப்பை மட்டும் நம்பியிராமல், ஏறிய அன்றே தம்பி அந்த உணவகத்துக்குப் போய் மேலாளரிடம் பேசி உறுதிசெய்துகொண்டான். ஏறிய நாளில் செய்ய வேண்டிய வேலை இதுவே.

விலையைப் பற்றி வீட்டில் ஒரு தர்க்கம் எழுந்தது. தலைக்கு ஏறத்தாழ 40 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 12,000 ரூபா. 2024 இல் பெருந்தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலையை ஒரு ‘பேர்’ என்போம். ஒருவர் ஒரு வேளை உண்ண ஒன்பது பேர். நாங்கள் ஒன்பது பேரும் உண்ண எண்பது பேர். மாதம் இருபத்தைந்து பேர் போட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் பால் வெட்ட வேண்டும். அம்மாவிடம் விலையைச் சொல்ல வேண்டாம், சொன்னால் சாப்பிடமாட்டார் என்றான் தம்பி. எனக்கு அது சரியாகப் படவில்லை. வாழ்நாள் முழுதும் அரைப் பேரா முழுப் பேரா என்று கங்காணியோடு கணக்குப் பார்த்த மனுஷியிடம் கணக்கை மறைப்பது மரியாதையன்று. சொன்னேன்.

“சாப்பாட்டுக்குத்தான் டிக்கெட்டோட காசு கட்டியாச்சே. அதுக்கு மேல எதுக்குத் தம்பி?” என்று கேட்டார் அம்மா. ஒரே மேசைக்காக என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“அக்கா வர்றதுக்குன்னா சரி. ஒரு ராத்திரி போதும். மத்த நாளு எல்லாரும் திங்கிறதையே நாமளும் திங்கலாம்” என்றார்.

மூன்று இரவுச் சேர்க்கைத் திட்டத்தை வாங்கத் தம்பி கொண்டிருந்த எண்ணம் அத்தோடு முடிந்தது. அந்த முடிவின் நியாயம் கப்பலில் விளங்கியது. பொதுக் கூடத்தில் இந்தியச் சமையலும் இருந்தது. மூன்று இரவுகளும் குறைவின்றி உண்டோம். மூன்று இரவுச் சேர்க்கையை வாங்கியிருந்தால், ஏற்கெனவே காசு கொடுத்த அந்தச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேறு காசு கொடுத்து உண்டிருப்போம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மாலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் இடம் இருந்தது. முதியவர்களுக்கு ஆறு மணியே நல்லது என்பது வழக்கமான அறிவுரை. ஆனால் சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே ஆறு மணியென்றால் நம் உடம்புக்குப் பிற்பகல் மூன்றரை. எட்டரை என்றால் மாலை ஆறு. அம்மா சீனி வியாதிக்கு உணவோடு மாத்திரை எடுப்பவர். பசியில்லாமல் உட்கார்ந்து பாதியில் எழுவது அவருக்கு ஆகாது. பெரியம்மாவின் ஊர் நேரமும் நம் நேரமேதான். எட்டரையைத் தெரிந்தோம். கடைசி இரவாகையால் பெட்டிகளை இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அந்த வேலையைப் பிற்பகலிலேயே முடித்துவிட்டோம். இரண்டாம் பந்தியில் இன்னொரு நன்மையும் இருந்தது: அதற்குப் பின் அந்த மேசைக்கு யாரும் காத்திருக்கவில்லை. பத்தரை மணி வரை யாரும் எங்களை எழுப்பவில்லை.

அன்றிரவு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அக்காவும் தங்கையும் அருகருகே உட்கார்ந்தார்கள். பெரியம்மாவுக்குக் கண் தெளிவில்லை. அம்மா மீனின் முள்ளை விரலால் தடவி எடுத்துவிட்டு அக்காவின் கோப்பையில் வைத்தார். பழைய லயத்தில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று பெரியம்மா ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அம்மா, இருக்கிறார், செத்துப்போனார், இந்தியா போய்விட்டார் என்று விடை சொல்லிக்கொண்டே வந்தார். இலண்டனில் பிறந்த பிள்ளைகள் இருவரும் சுழலும் தட்டைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த மேசையில் சொல்லப்பட்ட பெயர்களில் பாதியை நானே முதன்முறையாகக் கேட்டேன்.

கேட்டவர்களுக்கு என் விடை இதுதான். முதலில் உங்கள் வீட்டு விரத நாட்களைப் பாருங்கள். பிறகு கப்பல் எந்த நாளில் எந்தத் துறையில் நிற்கிறது என்று பாருங்கள். அதன்பின் வயோதிகரின் பசி நேரத்தையும், எத்தனை பேர் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதையும் பாருங்கள். இருவராகவோ நால்வராகவோ போகிறவர்கள் தாராளமாகக் கப்பல் ஏறியபின் கழிவுக்குப் பதியலாம். பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு மேசை அகப்படும். ஆறு பேருக்கு மேற்பட்டால் ஊரிலிருந்தே பதியுங்கள், அதுவும் ஓர் இரவுக்கு மட்டும். விலையை வீட்டுப் பெரியவர்களிடம் மறைக்காதீர்கள்.

சென்ற வாரம் அம்மா சுள்ளியாவுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மா இன்னொரு முறை போகலாமா என்று கேட்டிருக்கிறார் போலும். “போவோம் அக்கா. ஆனா அந்த ஒன்பது பேரு சாப்பாடு வேணாம். பொதுக் கூடத்துலயே பெரிய மேசை இருக்கான்னு தம்பிய முதல்லயே கேட்டு வைக்கச் சொல்றேன்” என்றார் அம்மா. கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான். பொதுக் கூடத்திலும் குடும்பமாக உட்காரப் பெரிய மேசையை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். அதற்குத் தனிக்காசு இல்லை.