மின்னேட்டுக்குப் பதிப்பாசிரியர் யார்?

க.பொ.த. உயர்தர வகுப்பிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இன்று இணையத்தைப் புறக்கணித்தல் இயலாது. 2020 மார்ச் மாதத்திலே பாடசாலைகள் மூடப்பட்டபோது கற்பித்தலிற் பெரும்பகுதி வட்ஸ்அப் குழுக்களினூடாகவே நிகழ்ந்தது. பாடசாலைகள் மீளத் திறந்தன, குழுக்களோ கலையவில்லை. குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள், விளக்கவுரைகள் என நாள்தோறும் வந்து குவிகின்றன. இவற்றுள் எதனை வகுப்பறைக்குட் கொண்டு செல்வது?

விடை தேட முற்பட்ட என்னை இவ்வினா ஏட்டுச்சுவடிப் பதிப்பு வரலாற்றிடமே இட்டுச் சென்றது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, தாம் செய்ததை முன்னுரையிற் கூறி நூலைத் தந்தோர் இவர்கள். பாடம் பிழைத்தால் பழி அவர்தம் பெயரையே சாரும். கைமாறி வரும் குறிப்புக்கோ பெயருமில்லை, மூலப்பதிப்புமில்லை, ஆதலாற் பழியுமில்லை.

எனவே எந்த மின்வளத்தையும் அதன் பதிப்பாசிரியர் யாரென்று கேட்டே நான் மதிப்பிடுகின்றேன். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு ஓரளவு விடை தருகின்றது. தட்டெழுதியோர், பிழை திருத்தியோர் பெயர்கள் மின்பதிப்பின் முகப்பிலே காணப்படும். சொற்களைத் தேடுதற்கும் அது வாய்ப்பானது. எனினும் தட்டெழுத்தில் ஓரெழுத்து மாறினும் தளை சிதையுமாதலால், யாப்புப் பாடத்துக்கு அச்சுநூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் (2003) கட்டுரையை விட அதன் வரலாற்றுப் பக்கமே எனக்குப் பயன்பட்டது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை மாணவர் அங்கு காணலாம்.

2005இல் உருவான நூலகம் வலைத்தளத்தை இவற்றோடு சேர்த்து எண்ண என்னால் இயலவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பின் பிறந்தோருக்கு மறுமலர்ச்சி, மல்லிகை முதலிய சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகத் திறந்து காட்டுதல் வெறும் வசதியன்று. பழைய அட்டையும் விளம்பரமும் பதிப்பு விபரமும் அச்சுப்பிழையுங்கூட உள்ளபடியே கிடைக்கின்றன. (இத்தகைய சங்க மலர்களும் அங்குள.) ஆயினும் கோப்புகள் பருத்தவை. பிள்ளைகள் மூவருக்கு ஒரு கைத்தொலைபேசியே உள்ள வீட்டில், டேற்றா தீர்ந்தபின் நூலகமேது? வேண்டிய இரண்டு மூன்று பக்கங்களை நானே அச்செடுத்துக் கொண்டு செல்கின்றேன். பாமினி எழுத்துருவிலமைந்த வினாத்தாள்கள் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும் அவதியும் இதனால் நீங்கும்.

சென்ற தவணையில் குழுவொன்றிலிருந்து நளவெண்பாக் குறிப்பொன்று வந்தது. அதிற் பாடலொன்று மூன்றடியில் முடிந்திருந்தது. “ஓரடி குறையுது சேர்” என்றாள் மாணவி ஒருத்தி. “சிந்தியல் வெண்பாவாயும் இருக்கலாமே” என்றான் மற்றொருவன். இலக்கணம் கற்றவன் கேட்கத்தக்க கேள்விதான். அச்சுநூலை எடுத்து ஒப்பிட்டோம். மூன்றாமடி விடுபட்டிருந்தது. வேடிக்கை யாதெனில், குறிப்பிலிருந்த உரை அவ்வடிக்கும் பொருள் கூறியிருந்தது! உரையை ஓரிடத்திலும் பாடலை வேறோரிடத்திலும் எடுத்து ஒட்டியவர் இரண்டையும் சேர்த்துப் படித்திலர் போலும்.

அம்மாணவி அடியை நிரப்பி, ஒப்பிட்ட பதிப்பின் ஆண்டையும் பக்கத்தையும் தன் பெயரையும் கீழே எழுதினாள். திருத்திய அப்பிரதியை அதே குழுவுக்கு அனுப்பினேன். நன்றி கூறி இருவர் எழுதினர். பத்து நாள் கழித்து வேறொரு குழுவிலிருந்து அதே குறிப்பு எனக்கு மீண்டும் வந்தது. அதில் மூன்றடியே இருந்தது.