இரவு ஷிப்ட் இ.சி.ஜி. தங்கைக்கு



அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார். டாக்டருக்கும் ஆஞ்சியோ செய்தவர்களுக்கும் நன்றி சொல்லியாயிற்று. உங்கள் பெயர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பார்கள். எடுத்தீர்கள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. படுக்கையருகே சின்னக் கருவியில் நர்ஸ் பார்த்த ட்ரோபோனினும் நெகட்டிவ். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிகிற அந்தப் புரதம், வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் பிடிபடாமலே போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ‘கேஸ் டிரபிள்தான்’ என்று கூட வந்த உறவினர் தீர்ப்பே சொல்லிவிட்டார். (நம் ஊரில் மாரடைப்புக்கு முதலில் வைக்கும் பெயர் அதுதானே!)

நீங்களோ லீடுகளைக் கழற்றும்போது அவை இருந்த இடங்களில் பேனாவால் புள்ளி வைத்தீர்கள். விலா எலும்பு இடைவெளி ஒன்று தள்ளிப்போனாலே கோடு வேறு மாதிரி விழும் என்றீர்கள். சற்று நேரத்தில் மீண்டும் வந்து அதே புள்ளிகளில் வைத்து எடுத்தீர்கள். இம்முறை கோடு மேலே ஏறியிருந்தது. மாறியது லீடு வைத்த இடமல்ல, இதயம்தான் என்று டாக்டர் தயங்காமல் முடிவெடுக்க முடிந்தது அந்தப் புள்ளிகளால்.

பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் திரையை இழுத்துவிட்டு, போர்வைக்குள்ளேயே கைவிட்டு, “கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும் பாட்டி” என்று சொல்லிவிட்டு ஜெல் தடவினீர்களே, அதையும் பார்த்தேன். எந்த ரிப்போர்ட்டிலும் அது வராது.

வீட்டுக்கு வந்து இ.சி.ஜி.யின் கதையைத் தேடிப் படித்தேன். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்பவர் உருவாக்கிய இ.சி.ஜி. கருவி ஏறத்தாழ 270 கிலோ. நோயாளிகள் இருந்த ஆஸ்பத்திரியோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால். கை கால்களை உப்புநீரில் வைத்துக்கொண்டு அவர்கள் அங்கேயே இருக்க, இதயத்தின் மின்னோட்டம் மட்டும் தொலைபேசிக் கம்பி வழியே கருவிக்குப் போனது. 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருவியை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது.

உங்கள் ஆஸ்பத்திரியில் இரவுக்கு நீங்கள் ஒருவர்தான். கேஷுவாலிட்டி, ஐ.சி.யு., வார்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே தள்ளுவண்டி. இந்த மடலை நிர்வாகத்திடம் காட்டுங்கள்: இரவு ஷிப்டுக்கு இன்னொருவரைப் போடச் சொல்லி நோயாளியின் வீட்டார் கேட்கிறோம்.


நான்காம் கட்டில் ஐயாவின் மகன்