கட்டத்துக்குள்ள என்ன எண்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தா பொறுமையா படிச்சுடுங்க.

போன மாசம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு ஆயா பேரனைக் கூட்டிக்கிட்டு ஓபிக்கு வந்தாங்க. நெசவுக் குடும்பம். பையனுக்கு 7 வயசு, இரண்டாம் வகுப்பு.

"மேடம், இவனுக்குக் கணக்கே வரல. மந்தமா இருக்கான்னு சொல்றாங்க. மூளைக்கு ஏதாச்சும் டானிக் எழுதிக் குடுங்க."

பையன் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. கணக்கு வர வைக்கிற டானிக் எதுவும் கிடையாது. படிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு மருத்துவர் பார்க்க வேண்டியவை வேறு. கண் சரியாகத் தெரிகிறதா? காது கேட்கிறதா? ரத்தசோகை, தைராய்டு பிரச்சினை இருக்கிறதா? நன்றாகத் தூங்குகிறானா? சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்த்து நிற்கும் ஒரு வகை வலிப்பு உண்டு, அது இருக்கிறதா?

அன்னிக்குப் பார்த்த வரைக்கும் எல்லாம் சரி. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிட்டு, "நோட்டைக் காட்டு கண்ணா"ன்னு கேட்டேன்.

8 + □ = 13. கட்டத்துக்குள்ள 21.
6 + □ = 10. கட்டத்துக்குள்ள 16.
4 + □ = 9. கட்டத்துக்குள்ள 13.

பக்கம் முழுக்க சிவப்புப் பெருக்கல் குறி.

கவனிச்சீங்களா? எல்லாமே ஒரே மாதிரி தப்பு. கண்ணுல பட்ட ரெண்டு எண்ணையும் கூட்டியிருக்கான். அந்தக் கூட்டல் ஒவ்வொண்ணும் சரி! கணக்கே வராத பிள்ளை 8-ஐயும் 13-ஐயும் கூட்டி 21 எழுத முடியாது.

மேஜையில இருந்த மரக்குச்சிகளை எடுத்தேன். தொண்டை பார்க்க நாக்கை அழுத்துவோமே, அதுதான். 8 குச்சியை வரிசையா வெச்சேன்.

"தம்பி, இன்னிக்கு 13 பேருக்குத் தொண்டை பார்க்கணும். ஆளுக்கு ஒரு குச்சி. இன்னும் எத்தனை எடுக்கட்டும்?"

விரலை மடக்கினான். ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு. "அஞ்சு."

"நோட்டுல இருக்கிற முதல் கணக்கும் இதேதான்டா"ன்னேன். நம்பாம என்னையே பார்த்தான்.

அப்போ சிக்கல் எங்கே? நடுவுல இருக்கிற = குறியில்.

3 + 2 =, 5 + 4 = என்றே பழகிய குழந்தைக்கு அந்தக் குறியின் அர்த்தம் "இங்க விடையை எழுது" என்பதுதான். இது இந்தப் பையனுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1999-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 8 + 4 = □ + 5 என்ற கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேருக்குக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். சரியான விடை 7.

இன்னொரு சேதி. இந்த = குறியை 1557-ல் முதன்முதலில் அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்ட் ஒரு மருத்துவர்! ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள்கள் வேறில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதாவது அந்தக் குறி சொல்வது "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்" என்பதை.

இதை ஆயாகிட்ட எப்படி விளக்கறதுன்னு யோசிச்சேன். அவங்களே முந்திக்கிட்டாங்க.

"தராசு மாதிரியா மேடம்? எங்களுக்குப் பட்டை எடை போட்டுத்தான் குடுப்பாங்க. சேலையைத் திருப்பிக் குடுக்கும்போது மறுபடியும் எடை. 900 கிராம் குடுத்தாங்கன்னு வெச்சுக்குங்க. சேலை 800, மிச்ச நூல் 70. மீதி 30 எங்க போச்சு, கழிவான்னு கேப்பாங்க. பதில் சொல்லணும்ல?"

900 = 800 + 70 + □. தன்னைப் படிக்காதவன்னு சொல்லிக்கிட்ட அந்த அம்மா, ஆயுசு பூரா கட்டம் நிரப்பிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

முதலில் பொருள், அப்புறம்தான் நோட்டு. 10 புளியங்கொட்டையை எண்ண வையுங்க. சிலதைக் கொட்டாங்குச்சியால மூடுங்க. வெளியே 6 இருந்தா உள்ளே எத்தனை? திறந்து அவங்களே சரிபார்க்கட்டும்.

= குறியைச் "சமம்" என்றே வாசிக்கச் சொல்லுங்க. 13 = 8 + □, □ + 5 = 13 என்று திருப்பித் திருப்பியும் எழுதுங்க.

"அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்று குறுக்குவழி சொல்லாதீங்க. என் மகளுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாத்தையும் கழிச்சு விடை சரியா எழுதினா. நானும் பூரிச்சுப் போனேன். □ - 5 = 8 என்று மாத்திக் கேட்டதும் 3-ன்னு எழுதினா! 13-ன்னு அவளுக்குத் தோணவே இல்லை. பையன் நோட்டைப் பார்த்தப்பதான் என் தப்பு எனக்கு உறைச்சுது.

நம்ம மாநிலத்துல 2022-ல் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பாடம். வயசை வெச்சு இல்லை, எங்கே நிற்கிறான் என்பதை வெச்சு.

டிஸ்கால்குலியா என்ற கணிதக் கற்றல் குறைபாடு நிஜமாகவே உண்டு. ஆனால் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடித்தால்தான் அதை யோசிக்கணும். ஒரு பக்கம் சிவப்பு மையைப் பார்த்து ஒரு குழந்தைக்குப் பட்டம் கட்டிடக் கூடாது.

கிளம்பும்போது ஆயா சொன்னாங்க: "எட்டு வயசுல என்னைக் கோர்வைக்கு உட்கார வெச்சாங்க மேடம்."

கோர்வைச் சேலையில கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. நெசவாளிக்குப் பக்கத்துல உட்கார்ந்து நாடா தள்ளித் தர ஒரு ஆள் வேணும். அந்தக் காலத்துல பல வீடுகளில் அந்த ஆள் குழந்தைதான்.

"படிப்பு வரலன்னா இவனையும் தறியில போடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அது என்னோட போகட்டும்."

டானிக் கேட்டு வந்ததுக்குக் காரணம் அப்பதான் புரிஞ்சுது.

மருந்துச் சீட்டுல டானிக் எழுதல. டீச்சருக்கு நாலு வரி எழுதினேன்: "கூட்டல் நன்றாக வருகிறது. சமக்குறியைத்தான் தவறாகப் புரிந்திருக்கிறான். பொருள்களை வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்."

ரெண்டு வாரம் கழிச்சு ரிசல்ட் வாங்க வந்தாங்க. எல்லாம் நார்மல். வாசிப்பு இன்னும் திக்குது, அதைத் தொடர்ந்து பார்க்கணும். ஆனா அன்னிக்குப் பையன் தரையைப் பார்க்கல. என் பேனாவை வாங்கி சீட்டுக்குப் பின்னாடி 20 = 12 + □-ன்னு எழுதி, "நீங்க போடுங்க மேடம்"ன்னு நீட்டினான்.

நானும் விரலை மடக்கித்தான் போட்டேன்.