இதழும் மானமும்

திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டையில் பொழுது புலர்ந்ததும் தேநீர்க் கடைப் பலகையில் செய்தித்தாள் விரிகின்றது. ஒருவர் உரக்கப் படிக்க, வயலுக்குச் செல்வோர் நின்று கேட்பர். கேட்டதை அப்படியே நம்புவாரும் உளர், "இதனை எழுதியவர் யார்? யார் பொருட்டு எழுதினார்?" என்று வினவுவாரும் உளர். பின்னவர் வினாவே இந்நாட்டு இதழ்கள் சிலவற்றை ஈன்றெடுத்தது.

1878-ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றார். அப்பதவியை அங்கு எய்திய முதல் இந்தியர் அவரே. வெள்ளையர் நடத்திய ஆங்கில இதழ்கள் இதனைப் பொறாது பழித்தெழுதின. அவருடைய புலமையைக் காணாது பிறந்த இனத்தைக் கண்டதே அப்பழிப்புக்குக் காரணம். ஆசிரியர் இருவரும் சட்ட மாணவர் நால்வருமாகிய இளைஞர் அறுவர் இதற்கு மறுமொழி கூறத் துணிந்தனர். ஒரு ரூபாய் பன்னிரண்டணாக் கடன் பெற்று, 80 படிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20-ஆம் நாள் 'இந்து' வார இதழை வெளியிட்டனர். அவ்வாண்டிலேதான் லிட்டன் பிரபுவின் அரசு, இந்திய மொழி இதழ்களை மட்டும் கட்டுப்படுத்தி, ஆங்கில இதழ்களைத் தொடாது விடுத்த சட்டத்தையும் இயற்றியது.

அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் அத்துடன் அமையவில்லை. ஆங்கிலம் அறியாத உழவரும் வணிகரும் நாட்டு நிலையை அறிதல் வேண்டாவோ? 1882-இல் 'சுதேசமித்திரன்' தமிழில் பிறந்தது, 1899-இல் நாளிதழாயிற்று. 1904-இல் பாரதியார் அங்குத் துணையாசிரியராக அமர்ந்தார். அயலாட்சியைக் கண்டித்தெழுதியமைக்காக 1908-இல் ஐயர் சிறைப்பட்டார்.

எனினும், அயலார் செய்த இழிவை எதிர்த்த இதழ்கள் பல, உள்ளூரில் சாதியின் பெயரால் நிகழ்ந்த இழிவைக் கண்டும் காணாதிருந்தன. அக்குறையை நீக்க எழுந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை அவர் வெளியிட்டார். விலையும் பெயரிலேயே விளங்கிற்று. ஏழையும் வாங்கக்கூடிய விலை அது. ஒடுக்கப்பட்டோர் தம் வரலாற்றைத் தாமே எழுத அவ்விதழ் இடந்தந்தது.

அயலாட்சி 1947-இல் அகன்றது. ஆயினும் ஒருவரைக் கேளாமலே அவரைப் பற்றி எழுதும் வழக்கம் முற்றும் அகலவில்லை. ஆதலின் மாணவர்களே, செய்தியைப் படிக்குங்கால் அதில் பேசுவோர் யாவர் என்று நோக்குங்கள். பேச இடம் பெறாதார் யாவர் என்றும் நோக்குங்கள். சித்தையன்கோட்டைக் கடைப்பலகையில் எழும் வினா உங்கள் உள்ளத்திலும் எழட்டும்.